டோக்கியோ, கியோத்தோ, ஒசாக்கா தாண்டி ஜப்பானில் எங்கே போகலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பான் போக முடிவு செய்தாகிவிட்டது. எல்லோரும் போகும் ஊர்களோடு நிறுத்தாமல் வேறு எங்காவது சில நாள் இருக்க ஆசை. எங்கே என்றுதான் தெரியவில்லை. இந்த நிலையில் இருப்பவர்கள் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும் கீழே. ஊர்ப் பெயர்களும் உண்டு, ஆனால் ஊரைத் தேடிப் பிடிக்கும் வழிகளைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன்.

முதல் முறையாகப் போகிறேன். கியோத்தோவை விட்டுவிட்டுப் பெயரே தெரியாத ஊருக்குப் போனால் பணம் வீண் இல்லையா?

கியோத்தோவை ஏன் விட வேண்டும்? தாராளமாகப் போங்கள். பத்து நாள் பயணம் என்றால் மூன்று இரவை மட்டும் வேறொரு பகுதிக்கு ஒதுக்குங்கள், போதும்.

டோக்கியோ, ஹக்கோனே, ஃபூஜி மலை, கியோத்தோ, ஒசாக்கா என்ற வரிசைக்குப் பயண நிறுவனங்கள் வைத்திருக்கும் பெயர் 'தங்கப் பாதை'. 2024-ல் ஜப்பானுக்கு 3.68 கோடிக்கும் அதிகமான வெளிநாட்டினர் வந்தார்கள். அதுவரை அவ்வளவு பேர் வந்ததில்லை. அவர்களில் மிகப் பலர் இந்த ஒரே பாதையில்தான் நகர்கிறார்கள். அதே ஆண்டு மே மாதம் ஃபூஜிகவாகுச்சிகோ என்ற ஊரில், ஒரு கடைக்குப் பின்னால் ஃபூஜி மலை தெரியும் இடத்தை மறைத்து இரண்டரை மீட்டர் உயரக் கறுப்பு வலை கட்டினார்கள். படம் எடுக்க வந்த கூட்டத்தைச் சமாளிக்க ஊருக்கு வேறு வழி தெரியவில்லை. வந்தவர்களோ வலையில் ஓட்டை போட்டுப் படம் எடுத்தார்கள். ஆகஸ்ட்டில் வலையைக் கழற்றிவிட்டார்கள்.

நாட்டில் மொத்தம் 47 மாகாணங்கள். தங்கப் பாதை தொடுவது அவற்றில் விரல் விட்டு எண்ணக்கூடியவற்றைத்தான்.

இணையத்தில் எப்படித் தேடினாலும் அதே பத்து ஊர்கள்தான் வருகின்றன. வேறு ஊரை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஊரைத் தேடுவதால்தான் இந்தச் சிக்கல். 'ஜப்பானில் அதிகம் அறியப்படாத இடங்கள்' என்று கேட்டால், அந்தக் கேள்வியை ஏற்கெனவே லட்சம் பேர் கேட்டு வாங்கிய பதில்தான் உங்களுக்கும் வரும். உங்களுக்கு முன்பே பிடித்த ஒரு பொருளையோ ஆளையோ பழக்கத்தையோ எடுத்துக்கொண்டு, அது ஜப்பானில் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

ஓர் எடுத்துக்காட்டை முழுதாகவே சொல்கிறேன். போதிதர்மர் பற்றி நம்மில் பலருக்கு ஆர்வம் உண்டு. தென்னிந்தியாவிலிருந்து சீனம் சென்றவர், காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர் என்றெல்லாம் மரபு சொல்கிறது. ஜப்பானில் அவர் 'தாருமா'. கையும் காலும் இல்லாமல், சிவப்பாக, உருண்டையாக ஒரு காகிதக்கூழ் பொம்மை. வாங்கும்போது கண்கள் வெள்ளையாக இருக்கும். ஒன்றை நினைத்துக்கொண்டு ஒரு கண்ணை வரைவார்கள், நினைத்தது நடந்ததும் மறு கண்ணை வரைவார்கள்.

இந்தப் பொம்மைகளில் பெரும்பகுதி எங்கே செய்யப்படுகிறது என்று தேடினால் கும்மா மாகாணத்தின் தக்காசாக்கி வரும். டோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் அதிவேக ரயிலில் சுமார் 50 நிமிடம். ஊருக்கு வெளியே ஒரு குன்றின் மேல் ஷோரின்சான் தாருமா கோயில் இருக்கிறது. 1783-ல் பக்கத்து அசாமா எரிமலை வெடித்தது. அந்தக் காலத்துப் பஞ்சத்தில் தவித்த விவசாயிகளுக்கு ஒரு வருமானம் வேண்டும் என்று இந்தக் கோயிலின் துறவி பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தார் என்பது மரபு. வேண்டுதல் நிறைவேறியவர்கள் திருப்பிக் கொண்டுவந்து வைத்த பொம்மைகள் கோயிலில் குவிந்து கிடக்கும். சின்னதும் பெரியதுமாக எல்லாம் முறைத்துக்கொண்டே இருக்கும்.

அங்கேயே நிறுத்த வேண்டியதில்லை. தக்காசாக்கியிலிருந்து ஜோஷின் என்ற சின்ன ரயில் தடம் தொமியோக்காவுக்குப் போகிறது. 1872-ல் பிரெஞ்சுப் பட்டு வல்லுநர் ஒருவரின் உதவியோடு ஜப்பானிய அரசு கட்டிய பட்டு நூற்பு ஆலை அங்கே அப்படியே இருக்கிறது. 1987 வரை ஓடிய ஆலை, 2014-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. காஞ்சிபுரத்துக்காரர் என்று நம்பப்படுபவரைத் தேடிப் போய்ப் பட்டு ஆலையில் வந்து நிற்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

இன்னொரு பக்கம் யோக்கோகாவா. ஊட்டி மலை ரயிலில் நடுத் தண்டவாளத்தின் பற்களைச் சக்கரம் கவ்விக்கொண்டு ஏறுமே, அதே வகை அமைப்பு உசுய் கணவாயில் 1893 முதல் 1963 வரை இருந்தது. 1997-ல் நாகானோ ஷின்கான்சென் வந்ததும் கணவாயின் ரயில் தடத்தையே மூடிவிட்டார்கள். பழைய தடம் இப்போது நடைபாதை. சுரங்கங்கள் வழியாக நடந்து போனால் 1892-ல் செங்கல்லால் கட்டிய நான்கு வளைவுப் பாலத்தின் மேல் நிற்கலாம். யோக்கோகாவா நிலையத்தில் மண் பானையிலேயே சோறு வைத்து விற்கிறார்கள், 1958-லிருந்து. அதில் கோழி உண்டு. சாப்பிட்ட பிறகு பானை உங்களுக்கே.

ஒரு பொம்மையில் தொடங்கிய தேடல் மூன்று நாளை நிரப்பிவிட்டது. இந்த மூன்று இடங்களையும் ஒரே வரிசையில் எந்த 'முதல் பத்து' பட்டியலும் போடாது.

எனக்கு ஆன்மிகமும் இல்லை, ரயில் பித்தும் இல்லை. வேறு எதைப் பிடித்துக்கொண்டு போவது?

துணி பிடிக்குமா? அவுரியைப் பிடித்துக்கொள்ளுங்கள். நம் விழுப்புரம், திண்டிவனம் பக்கம் அவுரி பயிரிட்டு நீலச் சாயம் எடுக்கும் மரபு உண்டு. ஜப்பானில் அதற்கு ஈடான ஊர் ஷிக்கோக்கு தீவின் தோக்குஷிமா. செடி வேறு குடும்பம், நிறம் மட்டும் அதே நீலம். நம் ஊரில் இலையைத் தொட்டித் தண்ணீரில் ஊறவைத்துச் சாயம் இறக்குவார்கள். அங்கே காய்ந்த இலையைக் குவித்து, தண்ணீர் தெளித்து, புரட்டிப் புரட்டி ஏறத்தாழ 100 நாள் மக்கவைக்கிறார்கள். யோஷினோ ஆறு அடிக்கடி வெள்ளம் வந்து புது வண்டல் போட்டதால் அந்தக் கரை அவுரிக்கு வாகாக அமைந்தது.

ஐசுமி என்ற சிற்றூரில் அந்தக் காலத்துச் சாய வணிகர் வீடு ஒன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. ஒரு கைக்குட்டையை நீங்களே தோய்த்து எடுக்கலாம். தொட்டியிலிருந்து பச்சையாக வெளியே வரும் துணி, காற்றுப் பட்டதும் கண் முன்னாலேயே நீலமாகும். பிள்ளைகளைக் கூட்டிப் போனால் அங்கிருந்து கிளப்புவது கஷ்டம்.

அவுரியில் சம்பாதித்தவர்கள் வீடு கட்டிய தெரு ஆற்றின் மேற்பக்கம் வாக்கிமாச்சியில் இருக்கிறது. பக்கத்து வீட்டுத் தீ பரவாமல் இருக்க மாடியின் இரு ஓரத்திலும் சிறு சுவரை நீட்டிக் கட்டுவார்கள். அதற்குச் செலவு அதிகம். அதனால் யாருடைய சுவர் பெரியது என்பதே அந்தத் தெருவில் கௌரவப் பிரச்சினை ஆகிவிட்டது. செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இந்த மனநிலையை விளக்கவே வேண்டாம்.

இன்னும் உள்ளே போனால் ஈயா பள்ளத்தாக்கு. போரில் தோற்ற தாய்ரா குலத்தார் 12-ஆம் நூற்றாண்டில் தப்பி வந்து ஒளிந்த மலை என்று கதை. அங்கே காட்டுக் கொடியால் பின்னிய தொங்கு பாலம் ஒன்று இருக்கிறது. நீளம் 45 மீட்டர், கீழே ஆறு 14 மீட்டர் ஆழத்தில். மூன்று ஆண்டுக்கு ஒரு முறை புதிதாகப் பின்னுகிறார்கள், உள்ளே இரும்பு வடமும் உண்டு. இருந்தாலும் கட்டைகளுக்கு இடையே ஆறு தெரியும்போது கால் கொஞ்சம் யோசிக்கும்.

ஒசாக்காவிலிருந்து தோக்குஷிமாவுக்கு அவாஜி தீவு வழியாகப் பேருந்தில் இரண்டரை மணி நேரம்தான்.

ஜப்பானியர்கள் தங்கள் நாட்டுக்குள் எங்கே போகிறார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

டோக்கியோவில் இறங்கிய முதல் நாளே தெரிந்துகொள்ளலாம். கின்சா, யுராக்குச்சோ, நிஹோன்பாஷி பகுதிகளில் பல மாகாண அரசுகள் தங்கள் ஊர்ப் பொருட்களை விற்கும் கடைகளை வைத்திருக்கின்றன. நம் ஊர் பூம்புகார் கடையோடு ஒரு மளிகைக் கடையும் சுற்றுலா அலுவலகமும் சேர்ந்தது போல இருக்கும். ஊறுகாய், இனிப்பு, பீங்கான் எல்லாம் ஒரு பக்கம், அந்த மாகாணத்தின் வரைபடங்களும் இலவச வழிகாட்டிகளும் இன்னொரு பக்கம். வாயில் போட்ட ஒன்று பிடித்துப்போனால் அது எந்த ஊரிலிருந்து வருகிறது என்று கேளுங்கள். யாரும் விளம்பரம் செய்யாத ஊர்ப் பெயர் கிடைக்கும்.

ரயில் நிலையச் சுவரொட்டிகளையும் பார்த்துக்கொண்டே நடங்கள். உள்நாட்டுப் பயணிகளுக்காக ஒட்டியவை அவை. எழுத்து புரியாவிட்டால் கைப்பேசியில் படம் பிடித்து மொழிபெயர்த்துக்கொள்ளலாம். அப்புறம் 'மிச்சி நோ எக்கி'. நெடுஞ்சாலை ஓரத்தில் வண்டியை நிறுத்தி இளைப்பாறும் இடங்கள், நாடு முழுக்க 1,200-க்கும் மேல் இருக்கின்றன. அக்கம்பக்கத்து விவசாயிகள் காலையில் பறித்ததைக் கொண்டுவந்து விற்பார்கள். கார் எடுப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது. அவர்களும் நம்மைப் போல இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள்.

இன்ஸ்டாகிராமில் 'யாருக்கும் தெரியாத சொர்க்கம்' என்று வரும் இடங்களை நம்பலாமா?

ஐந்து லட்சம் பேர் பார்த்த காணொளியில் வரும் இடம் யாருக்கும் தெரியாத இடமாக எப்படி இருக்கும்? பனி மூடிய தெருவில் மரவீடுகளும் விளக்குகளுமாக வரும் கின்சான் வெந்நீரூற்று அப்படித்தான் பரவியது. கூட்டம் தாங்காமல் 2024-25 குளிர்காலத்தில் பகல் நேரப் பயணிகளுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். போகக் கூடாது என்று சொல்லவில்லை. ஓர் இரவு அங்கேயே தங்க முடிந்தால் மட்டும் போங்கள்.

ரயிலில் சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்க்கவே பிடிக்கும். அதற்கேற்ற தடம் எது?

அக்கித்தாவிலிருந்து அவொமோரி மாகாணத்துக்குப் போகும் கோனோ தடம். ஜப்பான் கடலை ஒட்டி வெகுதூரம் ஓடும். பெரிய ஜன்னல் வைத்த 'ரிசார்ட் ஷிராகாமி' வண்டிக்கு இருக்கை முன்பதிவு கட்டாயம், கடல் பக்கத்து இருக்கைகள் முதலில் தீர்ந்துவிடும்.

கோடையில் போனால் ஹிரோசாக்கியில் இறங்கி இனாக்கதாத்தே கிராமத்துக்கும் போய் வாருங்கள். 1993 முதல் அங்கே வயலில் படம் வரைகிறார்கள். சாயம் கிடையாது. இலை பச்சை, மஞ்சள், கருஞ்சிவப்பு, வெள்ளை என்று வெவ்வேறு நிறத்தில் வரும் நெல் வகைகளை அளந்து நடுவார்கள். பயிர் வளர வளரப் படம் தெளிவாகும். ஜூலை, ஆகஸ்ட்டில் அருமையாக இருக்கும். கிராம அலுவலகமே கோட்டை வடிவில் இருக்கிறது, அதன் மாடியில் ஏறிப் பார்க்க வேண்டும். நெல்லைப் பார்த்து வளர்ந்தவர்கள் பார்த்தால் முதலில் கேட்பது 'இதை எப்படி நாற்று விட்டார்கள்' என்பதாகத்தான் இருக்கும்.

2011 சுனாமி தாக்கிய கடற்கரைக்குச் சுற்றுலாவாகப் போவது சரியா?

2004 டிசம்பருக்குப் பிறகு நாகப்பட்டினத்தையும் முல்லைத்தீவையும் பார்த்த நமக்கு இந்தத் தயக்கம் இயல்பு. ஆனால் வடகிழக்குக் கடற்கரையில் பல இடங்களை அந்த ஊர்க்காரர்களே மற்றவர்கள் வந்து பார்க்க வேண்டும் என்றுதான் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். செந்தாய் நகரத்துக்கு அருகே அராஹாமா தொடக்கப்பள்ளியின் மேல்தளத்துக்கு ஏறி 320 பேர் தப்பினார்கள். முதல் மாடி வரை தண்ணீர் சிதைத்த நிலையில் அந்தக் கட்டடத்தை 2017 முதல் திறந்து வைத்திருக்கிறார்கள்.

ரிக்குசென்தக்காத்தாவில் சுமார் 70,000 மரங்கள் கொண்ட பைன் தோப்பில் ஒரே ஒரு மரம் மட்டும் நின்றது. உப்பு வேரைத் தின்று அதுவும் 2012-ல் பட்டுப்போனது. அதைப் பதப்படுத்தி மறுபடி அதே இடத்தில் நிறுத்தினார்கள். பக்கத்திலேயே 2019-ல் திறந்த சுனாமி நினைவு அருங்காட்சியகம். கடலை முழுக்க மறைக்கும் உயரத்துக்கு எழுப்பியிருக்கும் புதிய தடுப்புச் சுவரையும் பார்ப்பீர்கள். கடலை நம்பி வாழும் ஊருக்கு அது வேண்டுமா வேண்டாமா என்று பல இடங்களில் பெரிய விவாதமே நடந்தது.

நடக்கப் பிடித்தவர்களுக்கு ஹச்சினோஹேயிலிருந்து சோமா வரை சுமார் 1,000 கிலோமீட்டர் கடலோர நடைபாதை உண்டு. முழுவதும் நடக்க வேண்டாம், ஒரு நாள் துண்டு போதும். சன்ரிக்கு ரயில் 163 கிலோமீட்டர் அந்தக் கரையிலேயே ஓடுகிறது. இங்கே தங்குங்கள், சாப்பிடுங்கள், ஊர்க் கடையில் ஏதாவது வாங்குங்கள். இடிந்த கட்டடத்தின் முன் சிரித்துக்கொண்டு படம் எடுக்காமல் இருந்தால் போதும்.

நாங்கள் சுத்த சைவம். சிற்றூர்களில் பட்டினிதானா?

கொஞ்சம் கஷ்டம்தான், மழுப்ப விரும்பவில்லை. காய்கறி மட்டும் தெரியும் சூப்பிலும் குழம்பிலும் மீன் கருவாட்டுச் சாறு கலந்திருக்கும். அதை அவர்கள் மீன் என்றே கணக்கில் வைப்பதில்லை. எனவே 'இறைச்சி வேண்டாம்' என்பதோடு 'மீன் சாறும் வேண்டாம்' என்று ஜப்பானிய மொழியில் எழுதிய அட்டை ஒன்றைக் கையில் வைத்திருங்கள். விடுதிக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். போய் இறங்கிய பிறகு கேட்டால் அவர்களால் மாற்ற முடியாது, சங்கடப்படுவார்கள்.

இதையே வழியாக மாற்றிக்கொள்ளலாம். பௌத்த மடங்களின் 'ஷோஜின்' சாப்பாட்டில் புலால் கிடையாது. கோயா மலையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட கோயில்கள் தங்க இடமும் இந்தச் சாப்பாடும் தருகின்றன. கோயா மலை ரகசியமான ஊர் அல்ல என்பது உண்மைதான். ஆனாலும் சைவர் ஒருவர் ஜப்பானில் கேள்வி கேட்காமல் முழுத் தட்டையும் காலி செய்யக்கூடிய இடம் அது. வெங்காயம், பூண்டு சேர்க்காதவர்களுக்கும் பொருந்தும். மற்ற ஊர்களில் பொடி, ஊறுகாய், உடனடி உப்புமா கைகொடுக்கும்.

மொழி தெரியாதே?

சமாளிக்கலாம். கைப்பேசியும் இரண்டு கையும் போதும்.

ரயில் பாஸ் வாங்கினால் லாபமா?

நாடு முழுதுக்குமான ஏழு நாள் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக ஏறியது. டோக்கியோ–கியோத்தோ ஒரு வழிக் கட்டணம் சுமார் 14,000 யென். போய் வந்தாலும் 28,000தான். ஆக, தங்கப் பாதையில் மட்டும் போகிறவருக்கு இந்தப் பாஸ் நட்டம். ஷிக்கோக்கு, தோஹோக்கு, கியூஷு என்று வட்டாரப் பாஸ்கள் தனியாக உண்டு. ஒரே பகுதியில் மூன்று நான்கு நாள் சுற்றுபவர்களுக்கு அவைதான் சரி. பாஸின் வரைபடத்தில் எந்த ஊர்கள் வருகின்றன என்று பார்ப்பதே ஊரைத் தேர்ந்தெடுக்க நல்ல வழி.

செர்ரிப் பூவும் வேண்டும், கூட்டமும் வேண்டாம். நடக்குமா?

பூ ஒரே நாளில் நாடு முழுக்கப் பூப்பதில்லை. ஒக்கினாவாவில் ஜனவரியில் தொடங்கி ஹொக்கைதோவில் மே வரை வடக்கே நகர்ந்துகொண்டே போகும். மார்ச் கடைசியில் கியோத்தோவில் இடிபடுவதற்குப் பதில் ஏப்ரல் கடைசியில் ஹிரோசாக்கி கோட்டைக்குப் போகலாம். உதிர்ந்த இதழ் அகழி நீரை மூடிக் கிடக்கும். அங்கேயும் கூட்டம் உண்டு, பெரும்பாலும் உள்நாட்டுக் கூட்டம். ஏப்ரல் 29 முதல் மே 5 வரை தொடர் விடுமுறை என்பதால் அறை கிடைப்பது கடினம். கூட்டமே ஆகாது என்றால் மே இரண்டாம் வாரம் போங்கள். ஜப்பானின் ஆப்பிளில் பாதிக்கு மேல் விளைவது ஹிரோசாக்கி இருக்கும் அவொமோரி மாகாணத்தில்தான். அப்போது ஆப்பிள் மரங்கள் வெள்ளையாகப் பூத்திருக்கும், செர்ரி பார்க்க வந்தவர்கள் கிளம்பியிருப்பார்கள்.

மூன்று இரவில் எத்தனை ஊர் பார்க்கலாம்?

ஒரே ஊரில் தங்குங்கள். தக்காசாக்கி, தோக்குஷிமா, ஹிரோசாக்கி மாதிரி நடுத்தர ஊரில் நிலையத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்து, காலையில் போய் மாலையில் திரும்புங்கள். பெரிய பெட்டியை விடுதியிலிருந்து அடுத்த விடுதிக்குக் கூரியரில் அனுப்பிவிடலாம், பெரும்பாலும் மறுநாள் போய்ச் சேர்ந்துவிடும்.

சிற்றூரில் சிக்கிக்கொள்ளாமல் இருக்க என்ன கவனிக்க வேண்டும்?

போய் இறங்கியதும் முதல் வேலை, நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் படம் எடுப்பது. கடைசிப் பேருந்து மாலை ஐந்து மணிக்கே போய்விடும் ஊர்கள் உண்டு. சனி, ஞாயிறுக்கு வேறு அட்டவணை. அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் திங்கட்கிழமை மூடியிருக்கும். அன்று அரசு விடுமுறையாக இருந்தால் திங்கள் திறந்து செவ்வாய் மூடுவார்கள்.

பல ஊர்ப் பேருந்துகளில் பின்கதவில் ஏறி, எண் அச்சிட்ட சீட்டை இயந்திரத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். ஓட்டுநர் தலைக்கு மேல் இருக்கும் பலகையில் உங்கள் எண்ணுக்கு நேரே கட்டணம் ஏறிக்கொண்டே வரும். இறங்கும்போது சீட்டோடு சரியான சில்லறையை முன்கதவுப் பெட்டியில் போட வேண்டும். சில்லறை இல்லையென்றால் ஓட்டுநர் அருகே உள்ள இயந்திரம் 1,000 யென் தாளை மாற்றித் தரும். 10,000 யென் தாளை மட்டும் நீட்டிவிடாதீர்கள், பேருந்து முழுக்க உங்களுக்காகக் காத்திருக்கும்.